அரசுக்கு அருகில் ஒன்று, நீதிமன்றத்துக்கு அருகில் ஒன்று

தி ஹேக் நகரில் அமர்ந்து நாடுகளின் வழக்குகளைக் கேட்கும் பன்னாட்டு நீதிமன்றத்துக்கென ஒரு சட்டம் உண்டு. நீதிபதிகள் எவற்றை ஆதாரமாகக் கொள்ளலாம் என்று அதன் 38-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. ஒப்பந்தங்கள், வழமை, பொதுவான சட்டக் கோட்பாடுகள் என்று மூன்றைச் சொன்ன பிறகு, நீதிமன்றத் தீர்ப்புகளையும் பல நாடுகளின் தேர்ந்த சட்ட அறிஞர்களுடைய எழுத்துகளையும் துணை ஆதாரமாகச் சேர்க்கிறது. பேராசிரியர்கள் எழுதுவதற்குச் சட்டமே இப்படி ஓர் இடம் கொடுப்பது அரிது.

காரணம் இல்லாமல் இல்லை. பன்னாட்டுச் சட்டத்துக்கு நாடாளுமன்றம் கிடையாது. எந்த வழக்கம் சட்டமாகிவிட்டது, எது இன்னும் ஆகவில்லை என்பதை யாராவது திரட்டி எழுதிக் காட்டினால்தான் தெரியும். 1900-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ‘பக்கேட் ஹபானா’ வழக்கு இதற்கு நல்ல சான்று. ஸ்பெயினுடன் நடந்த போரில் அமெரிக்கக் கடற்படை கியூபா கரையோரம் இரண்டு மீன்பிடிப் படகுகளைப் பிடித்துப் போர்ப்பொருளாக விற்றுவிட்டது. கரையோர மீனவர்களைப் போர்க்காலத்திலும் தொடக்கூடாது என்பது நாடுகளின் நெடுநாள் வழமை என்று நீதிபதி கிரே தீர்ப்பெழுதினார். அரசாணைகளோடு, பல நாட்டுச் சட்ட அறிஞர்களின் நூல்களையும் அவர் அடுக்கடுக்காக எடுத்துக்காட்டினார். ஏழை மீனவர்களின் வழக்கை வெல்ல வைத்ததில் எழுத்துக்குப் பங்கு இருந்தது.

இப்போது பன்னாட்டு நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் அறிஞர்களை அரிதாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் வழக்கறிஞர்களின் வாதங்களிலும் நீதிபதிகளின் தனிக்கருத்துரைகளிலும் அவர்களின் எழுத்து நிறையவே புழங்குகிறது. ஆகவே எந்தக் கட்டுரை அச்சேறுகிறது, யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்வி பல்கலைக்கழகத்தோடு முடிந்துவிடுவதில்லை. இந்தத் துறையில் முன்னணியில் நிற்கும் இரண்டு ஆய்விதழ்களை அந்தக் கேள்வியோடு அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று 1907 முதல் வரும் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் இன்டர்நேஷனல் லா’. மற்றது 1990-இல் தொடங்கிய ‘யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் இன்டர்நேஷனல் லா’. இனி அமெரிக்க இதழ், ஐரோப்பிய இதழ் என்றே சொல்கிறேன்.

அமெரிக்க இதழ் அரசின் மடியில் பிறந்தது என்று சொல்வது மிகையாகாது. 1906-இல் அமைந்த அமெரிக்கப் பன்னாட்டுச் சட்டக் கழகத்தின் முதல் தலைவர் எலிஹு ரூட். அப்போது அவர் பதவியில் இருந்த வெளியுறவு அமைச்சர். இதழின் முதல் தலைமை ஆசிரியர் ஜேம்ஸ் பிரவுன் ஸ்காட், அதே வெளியுறவுத் துறையின் சட்ட அலுவலர். தொடக்க ஆசிரியர் குழுவில் இருந்த ராபர்ட் லான்சிங் 1915-இல் தாமே வெளியுறவு அமைச்சரானார். முதல் இதழின் முதல் கட்டுரையை ரூட் எழுதினார். மக்களாட்சி பெருகப் பெருக வெளிநாட்டு விவகாரங்களிலும் மக்கள் கருத்தே வலுப்பெறும், எனவே தம் நாட்டின் உரிமைகளை மட்டுமல்லாமல் கடமைகளையும் மக்கள் அறிந்திருந்தால்தான் நாடுகளின் பூசல்கள் போராக மாறாமல் தீரும் என்பது அவர் வாதம். சட்டம் தெளிவானது, அதை மக்களுக்குக் கற்றுக்கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கை அந்தக் கட்டுரை முழுவதும் ஓடுகிறது.

எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ஐரோப்பிய இதழ் வேறு மண்ணில் முளைத்தது. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரை அடுத்த குன்றில் இருக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்தைச் சுற்றி இயங்கிய பேராசிரியர்கள் அதைத் தொடங்கினார்கள். அந்தோனியோ கசேசே, புரூனோ சிம்மா, ஜோசப் வைலர் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். அதன் முதல் இதழிலேயே ஃபின்லாந்தின் மார்ட்டி கோஸ்கென்னியெமி ‘பன்னாட்டுச் சட்டத்தின் அரசியல்’ என்ற கட்டுரையை எழுதினார். இந்தச் சட்டத்தின் வாதங்கள் ஒவ்வொன்றும் இரண்டு முனைகளுக்கு இடையே ஊசலாடுகின்றன என்றார் அவர். அரசுகள் உண்மையில் செய்வதை ஒட்டிச் சென்றால் சட்டம் அவற்றின் செயலுக்குச் சாக்காகிவிடுகிறது. விலகிச் சென்றால் வெறும் கனவாகிவிடுகிறது. ஆகவே எந்த வழக்கிலும் இறுதி முடிவு ஓர் அரசியல் தேர்வே என்றார். ரூட் மக்களுக்குக் கற்றுக்கொடுக்க விரும்பிய அந்தத் தெளிவையே கோஸ்கென்னியெமி கேள்விக்கு உட்படுத்தினார். முதல் இதழ்களின் இந்த இரண்டு கட்டுரைகளைப் படித்தாலே இரு இதழ்களின் குணமும் பிடிபட்டுவிடும்.

ஐரோப்பாவுக்குச் சொந்தமாக ஓர் இதழ் ஏன் தேவைப்பட்டது? பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் பழைய, மதிப்புமிக்க இதழ்கள் ஏற்கெனவே இருந்தன. ஆனால் உலகம் முழுவதும் படிக்கப்பட வேண்டும் என்றால் ஐரோப்பியரும் அமெரிக்க இதழின் கதவைத்தான் தட்டினார்கள். விதிகளிலேயே உயர்ந்தவை, தாழ்ந்தவை என்று அடுக்கு பிரிக்கும் போக்கைக் கண்டித்துப் பிரெஞ்சுப் பேராசிரியர் புரோஸ்பர் வேய் எழுதிய கட்டுரை 1983-இல் ஆங்கிலத்தில் அங்கேதான் வந்தது.

இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தின் சட்டத்தில் கதை இன்னும் விந்தையானது. அந்தச் சமூகத்தின் லக்சம்பர்க் நீதிமன்றம் ‘வான் ஹெண்ட் என் லோஸ்’ என்ற புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கிய 1963-இலேயே அந்தச் சட்டத்துக்கென்று ‘காமன் மார்க்கெட் லா ரிவ்யூ’ தொடங்கிவிட்டது. ஆனாலும் அந்த நீதிமன்றம் சமூகத்தை நிறுவிய ஒப்பந்தத்தை மெல்ல மெல்ல அரசியல் சாசனம் போல ஆக்கிவிட்டது, மக்களின் பார்வை படாத இடத்தில் இது நடந்தது என்பதை எரிக் ஸ்டைன் விளக்கிய கட்டுரை 1981-இல் அமெரிக்க இதழில் வெளியாயிற்று. ஸ்டைன் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறி மிச்சிகனில் பாடம் நடத்தியவர். வைலரின் ‘ஐரோப்பாவின் உருமாற்றம்’ 1991-இல் வந்ததோ மாணவர்களே ஆசிரியர்களாக இருந்து நடத்தும் ‘யேல் லா ஜர்னல்’ இதழில். ஐரோப்பிய ஒருங்கிணைப்பைப் படிக்கிற எவரும் தவறவிட முடியாத இரண்டு கட்டுரைகளும் அட்லாண்டிக்குக்கு அப்பால் அச்சாயின. அந்த இரண்டாம் கட்டுரையை எழுதியவரே ஐரோப்பிய இதழின் நிறுவனர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பியருக்கு எழுத ஆள் இருந்தார்கள். உலகம் முழுவதும் படிக்கும் ஒரு மேடைதான் குறைவாக இருந்தது.

இரு இதழ்களையும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்க 1999 போல இன்னோர் ஆண்டு இல்லை. அந்த ஆண்டு மார்ச் 24-இல் நேட்டோ, ஐநா பாதுகாப்பு அவையின் அனுமதி இல்லாமல் யூகோஸ்லாவியா மீது குண்டுவீசத் தொடங்கியது. கொசோவோவின் அல்பேனியர்களைக் காப்பதற்காக என்று காரணம் சொல்லப்பட்டது. ஐநா சாசனப்படி இது சட்டமீறல். கண்ணெதிரே கொடுமை நடக்கிறது, ஆனால் வீட்டோ என்னும் மறுப்புரிமை தடுக்கும் என்பதால் அவையால் படைபலத்துக்கு அனுமதி தர முடியவில்லை என்பதும் உண்மை. என்ன எழுதுவது?

ஐரோப்பிய இதழின் அந்த ஆண்டு முதல் இதழில் சிம்மாவின் கட்டுரை வந்தது. 1998 அக்டோபரில் நேட்டோ விடுத்த தாக்குதல் மிரட்டலிலிருந்தே அவர் தொடங்குகிறார். அது சட்டத்துக்குப் புறம்பானது என்று தயங்காமல் சொல்கிறார். சட்டத்துக்கும் அதற்கும் இடையே இருப்பது மெல்லிய கோடுதான் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் இந்த விதிவிலக்கைக் கொள்கையாக்கிவிட்டால் சாசனமே குலைந்துவிடும் என்று எச்சரிக்கிறார். அவரை அடுத்து, குண்டுவீச்சு தொடங்கிய பிறகு கசேசே எழுதினார். இது மீறல்தான் என்று ஏற்றுக்கொண்டு, கடுமையான நிபந்தனைகளோடு ஒரு புதிய வழமை விதி இந்த மீறலிலிருந்தே பிறக்கக்கூடுமா என்று கேட்டார்.

அதோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. அதே ஆண்டுத் தொகுதியின் பிற்பகுதியில் தொடர்கட்டுரை ஒன்று எழுதினார். ஒவ்வொரு நாடும் என்ன சொன்னது என்று தேடித் தொகுத்தார். தாம் எதிர்பார்த்த விதி இன்னும் உருவாகிவிடவில்லை என்ற முடிவுக்கு வந்தார். யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரிக்க ஐநா அமைத்த தீர்ப்பாயத்தின் முதல் தலைவராக 1993 முதல் 1997 வரை இருந்தவர் அவர். தம் கருத்தைத் தாமே சோதித்து அதை அச்சில் வைத்தார். ஆய்விதழ் என்பதன் பயனை இதைவிட நன்றாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்க இதழ் அதே கேள்வியை அக்டோபர் இதழில் எடுத்தது. லூயிஸ் ஹென்கின், ரூத் வெட்ஜ்வுட், ஜொனாதன் சார்னி, கிறிஸ்டின் சின்கின், ரிச்சர்ட் ஃபாக், தாமஸ் ஃபிராங்க், மைக்கேல் ரைஸ்மன் என்று ஏழு பேரின் குறுங்கட்டுரைகள். ரைஸ்மனும் வெட்ஜ்வுட்டும் நேட்டோ பக்கம் சாய்ந்தார்கள். சார்னியும் சின்கினும் கடுமையாக எதிர்த்தார்கள். ஹென்கின் சட்டமீறல் என்றே சொல்லி, பாதுகாப்பு அவையின் நடைமுறை மாறலாம் என்று வழிதேடினார். எல்லாத் தரப்பையும் ஒரே இதழில் காண முடிகிறது; நீதிமன்றத்தில் வாதிட வேண்டியவருக்கு இது மிகப் பயன்படும். ஆனால் ஒரு சிந்தனை தொடங்கி, வளர்ந்து, தன்னைத் திருத்திக்கொள்வதை ஐரோப்பிய இதழில்தான் பார்க்கிறோம்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஈராக் போர். 2003 ஜூலையில் அமெரிக்க இதழ் ஒரு விவாத அரங்கை வெளியிட்டது. அதில் எழுதியவர்களில் ஒருவர் வில்லியம் டாஃப்ட். அப்போது அமெரிக்க வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் அவரே. பாதுகாப்பு அவையின் பழைய தீர்மானங்களே போருக்குப் போதுமான அனுமதி என்று தம் துறைச் சகாவோடு சேர்ந்து வாதிட்டார். அதே இதழில் ஃபாக்கும் ஃபிராங்கும் அந்தப் போரைக் கண்டித்தார்கள். ரூட் எழுதிய 1907-ஐயும் டாஃப்ட் எழுதிய 2003-ஐயும் இணைத்துப் பார்த்தால் ஒரு மரபு தெரிகிறது. அமைச்சகத்திலிருந்து நேராக இதழுக்கு வரும் வழி ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அடைபடவில்லை.

இதில் நன்மையும் உண்டு. அமெரிக்க அரசு பன்னாட்டுச் சட்டத்தை எப்படிக் கையாள்கிறது என்பதை அமெரிக்க இதழ் தனிப் பகுதியாகவே இதழ்தோறும் பதிவு செய்துவருகிறது. ஒப்பந்தம், அறிக்கை, தூதரகக் குறிப்பு என்று அதில் சேர்ந்திருக்கும் செய்தி வேறு எங்கும் இவ்வளவு ஒழுங்காகக் கிடைக்காது. வலிமையான அரசு ஒன்று தன் செயலுக்கு என்ன சட்டக் காரணம் சொன்னது என்று தெரியாமல் அதை யாரும் கண்டிக்க முடியாது. இதே இதழ் 1991-இல் ஹிலரி சார்ல்ஸ்வர்த், கிறிஸ்டின் சின்கின், ஷெல்லி ரைட் ஆகியோரின் பெண்ணிய ஆய்வையும் வெளியிட்டது என்பதை மறக்கக்கூடாது. பன்னாட்டுச் சட்டத்தின் கட்டமைப்பே ஆண்களின் அனுபவத்தின் மேல் எழுந்தது என்று அது காட்டியது. அரசுக்கு அருகில் இருப்பதால் இதழ் துணிவை இழந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

ஐரோப்பிய இதழும் அதிகாரத்துக்குத் தொலைவில் இல்லை. அது நெருங்கி நின்ற அதிகாரம் வேறு வகையானது. கசேசே தீர்ப்பாயத் தலைவரானார். சிம்மா 2003-இலிருந்து 2012 வரை பன்னாட்டு நீதிமன்ற நீதிபதி. அமெரிக்க இதழின் தலைமை ஆசிரியராக 1990-களில் இருந்த தியோடர் மெரனும் பின்னாளில் கசேசே வகித்த அதே தீர்ப்பாயத் தலைமைப் பதவிக்கு வந்தார். ஆக நீதிமன்றப் பாதை இரண்டுக்கும் பொது. ஆனால் ஐரோப்பிய இதழின் பார்வையே நீதிபதியின் பார்வை. ஓர் அரசு என்ன செய்ய விரும்புகிறது என்பதைவிட, அது செய்ததை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே அதன் கவலை.

கட்டுரைகளைத் தேர்வு செய்யும் முறையிலும் வேறுபாடு உண்டு. அமெரிக்க இதழில் ஆசிரியர் குழுவின் பேராசிரியர்களே படித்து முடிவு சொல்வது நெடுநாள் மரபு. ஐரோப்பிய இதழ் எழுதியவர் யார் என்று மதிப்பிடுபவருக்கும், மதிப்பிடுபவர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாத முறையைப் பின்பற்றுகிறது. எந்த நாட்டிலிருந்து எத்தனை கட்டுரைகள் வந்தன, எத்தனை அச்சேறின, எழுதியவர்களில் பெண்கள் எத்தனை என்ற கணக்கையும் தலைமை ஆசிரியர் வைலர் தலையங்கங்களில் வெளியிட்டுவந்தார். இந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது. தன் குறையைத் தானே எண்ணிப் பார்க்கும் இதழைத்தான் நம்ப முடியும்.

வைலருக்கு ஒரு சோதனையும் வந்தது. இதழோடு தொடர்புடைய, வைலர் பொறுப்பில் இருந்த ஒரு நூல் மதிப்புரைத் தளத்தில், பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பற்றிய ஒரு நூலுக்கு ஜெர்மன் பேராசிரியர் ஒருவர் எழுதிய பாதகமான மதிப்புரை 2007-இல் வந்தது. அதை நீக்கும்படி நூலாசிரியர் கேட்டார். மறுப்பு எழுதித் தாருங்கள், வெளியிடுகிறேன் என்றார் வைலர். நூலாசிரியர் பிரான்சில் குற்றவியல் அவதூறு வழக்குத் தொடுத்தார். 2011 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றத்தில் வைலர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். மார்ச் 3-இல் தீர்ப்பு வந்தது. வழக்கு தொடுத்ததே முறைகேடு என்று கூறி, வைலருக்கு 8,000 யூரோ இழப்பீடு தர நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு மதிப்புரையை எடுத்துவிட்டுத் தொல்லையிலிருந்து தப்பிப்பது எளிது. அவர் அதைச் செய்யாததால் ஐரோப்பாவின் மதிப்புரையாளர்கள் எல்லாராலும் கொஞ்சம் தைரியமாக எழுத முடிகிறது.

யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அமெரிக்க இதழ் அமெரிக்கப் பன்னாட்டுச் சட்டக் கழகத்தின் உடைமை. 2017 முதல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிடுகிறது. ஐரோப்பிய இதழை ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் வெளியிடுகிறது. கழகம், பல்கலைக்கழகம் என்ற வேலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. ‘யூரோப்பியன் லா ஜர்னல்’ என்ற வேறோர் இதழை நடத்தியவர்கள், ஆசிரியர்களை நியமிக்கும் உரிமை யாருக்கு என்பதில் பதிப்பாளரான வைலி நிறுவனத்தோடு முரண்பட்டுக் கூட்டாக விலகினார்கள். தலைமை ஆசிரியர்கள் ஜோவானா மென்டிஸும் ஹார்ம் ஸ்கெப்பலும் அவர்களில் இருந்தார்கள். 2022-இல் ‘யூரோப்பியன் லா ஓப்பன்’ என்ற புதிய இதழ் கேம்பிரிட்ஜ் வழியாக, எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வந்தது. ஐரோப்பிய இதழும் ஓராண்டு கடந்த கட்டுரைகளைத் தன் தளத்தில் திறந்துவைத்தது. அமெரிக்க இதழ் 2014 முதல் இணையத்தில் ஓர் இலவசத் துணை இதழை நடத்துகிறது. முதன்மைக் கட்டுரைகள் பலவற்றுக்கோ நூலகச் சந்தா வேண்டும். சந்தா கட்ட முடியாத சட்டக் கல்லூரிகள் நம் ஊரில் ஏராளம்.

இரண்டு இதழ்களும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. அந்த இடம் ஆசியாவும் ஆப்பிரிக்காவும். அமெரிக்க இதழ் 1961-இல் இந்தியரான எஸ்.என். குஹா ராய் எழுதியதை வெளியிட்டது. அயல்நாட்டாருக்கு நேரும் இழப்புக்கு ஒரு நாடு பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி வலியவர்கள் தம் நலனுக்காக ஆக்கியது, புதிதாக விடுதலை பெற்ற நாடுகளை அது கட்டுப்படுத்துமா என்று அந்தக் கட்டுரை கேட்டது. அடுத்த ஆண்டே ஆர்.பி. ஆனந்தின் கட்டுரையும் வந்தது. பிறகு 1999-இல் அதே இதழ் பன்னாட்டுச் சட்ட ஆய்வுமுறைகளைப் பற்றி ஒரு தொகுப்பு வெளியிட்டபோது மூன்றாம் உலக நோக்குக்கு அதில் தனிக் கட்டுரை இல்லை. அந்தத் தொகுப்பு பின்னர் நூலானபோதுதான் அந்த நோக்கை முன்வைக்கும் ஆன்டனி ஆங்கியும் பி.எஸ். சிம்னியும் சேர்க்கப்பட்டார்கள். சிம்னியின் முழுவீச்சான வாதத்துக்கு 2004-இல் ஐரோப்பிய இதழ் இடம் கொடுத்தது. உலக வங்கி, உலக வர்த்தக அமைப்பு போன்றவை சேர்ந்து ஏகாதிபத்தியத் தன்மை கொண்ட ஓர் உலக அரசாக உருவாகின்றன என்பது அந்த வாதம். வழமைச் சட்டத்தை மூன்றாம் உலகக் கண்ணால் பார்க்கும் அவருடைய கட்டுரை 2018-இல் அமெரிக்க இதழில் வந்தது. நல்ல கட்டுரைகள் வந்தன என்பதில் மகிழ்ச்சியே. ஆனால் அவை விருந்தாளிகளாகவே வந்தன. வீட்டின் விதிகளை எழுதும் இடத்தில் நம்மவர்கள் அதிகம் அமரவில்லை.

அப்படி அமர்ந்த ஒரு காலம் சென்னைக்கு உண்டு. போலந்தைச் சேர்ந்த சட்ட அறிஞர் சார்ல்ஸ் ஹென்றி அலெக்ஸாண்ட்ரோவிச் 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அவர் முயற்சியில் 1952-இல் ‘இந்தியன் இயர் புக் ஆஃப் இன்டர்நேஷனல் அஃபேர்ஸ்’ என்ற ஆண்டு நூல் இங்கிருந்து வரத் தொடங்கியது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் ஆசிய அரசர்களைச் சமமானவர்களாக ஏற்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் சட்ட அறிஞர்கள்தான் ஆசியாவைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே தள்ளினார்கள் என்று ஆவணங்களைக் கொண்டு அவர் நிறுவினார். போர்ச்சுகல் இந்தியா மீது தொடுத்த பாதையுரிமை வழக்கில் 1960-இல் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, 1779-ஆம் ஆண்டின் மராத்திய ஒப்பந்தத்தைப் பொருட்படுத்தி ஆராய்ந்தது. அலெக்ஸாண்ட்ரோவிச் எழுப்பிய கேள்விகள் அந்த வழக்கின் கேள்விகளும்தான். அவருடைய கட்டுரைகளை டேவிட் ஆர்மிட்டேஜும் ஜெனிஃபர் பிட்ஸும் தொகுத்து ஆக்ஸ்ஃபோர்டு வழியாக 2017-இல் நூலாக்கினார்கள். சென்னை ஆண்டு நூலில் அச்சானவையும் அதில் அடக்கம்.

ஒரு பிரச்சினையில் அரசுகள் சொன்னது என்ன என்று தேடுபவர் அமெரிக்க இதழுக்குத்தான் போக வேண்டும், அதற்கு ஈடில்லை. சட்டத்தைப் பற்றி எப்படி யோசிப்பது என்று கற்க விரும்புபவருக்கு நான் ஐரோப்பிய இதழையே கையில் கொடுப்பேன். சட்டக் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பன்னாட்டுச் சட்டப் பாடத்தைத் தேர்வுக்கான குறிப்புகளோடு முடித்துவிடாதீர்கள். கசேசேயின் 1999 கட்டுரைகள் இரண்டையும், அதே ஆண்டு அக்டோபரில் வந்த அமெரிக்க இதழையும், குஹா ராயின் 1961 கட்டுரையையும், சென்னையில் அச்சான அலெக்ஸாண்ட்ரோவிச்சின் கட்டுரைகளில் ஒன்றையும் மாணவர்களுக்கு ஒரே பருவத்தில் படிக்கக் கொடுங்கள். பிறகு அவர்களை எழுதச் சொல்லுங்கள்.